விலை கொடுத்து வாங்கத் தக்கது எது?

சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து ஆலய முற்றத்து வேப்பமர நிழலில் நின்றிருந்தோம். நாமக்கல்லை அடுத்த ஊரொன்றில் லாரி உதிரிப் பாகக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், துணைவியாருடனும், பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகளுடனும் நம்மிடம் வந்தார். அவர் முகம் வாடியிருந்தது. நலம் விசாரித்தோம்.

“நலத்திற்கு ஒன்றும் குறைவில்லை, ஐயா. கடைக் கணக்குத்தான் போய்விட்டது” என்றார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் கணக்கு எழுதும் மென்பொருள் ஒன்றைக் கடைக் கணினியில் ஏற்ற விரும்பினார். உரிமத்துடன் வாங்கப் பல ஆயிரம் ரூபாய் ஆகும் என்றார்கள். கணினி பழுது பார்க்க வந்த இளைஞரோ, “அதையே 500 ரூபாய்க்குப் போட்டுத் தருகிறேன்” என்றார். நண்பரும் மகிழ்ந்து இசைந்தார். அந்தத் திருட்டுப் பிரதி மூன்று ஆண்டுகள் தடையின்றி ஓடியது. பின்னர் ஒருநாள் காலை கணினியைத் திறந்தபோது கணக்குக் கோப்புகள் யாவும் பூட்டப்பட்டுக் கிடந்தன. திறக்க வேண்டுமாயின் பணம் அனுப்புக என்று திரையில் ஓர் அறிவிப்பு நின்றது. நச்சுநிரல் எவ்வழியாக நுழைந்தது என்று யாராலும் உறுதியாகக் கூற இயலவில்லை. ஆனால் அந்தப் பிரதியை ஏற்றும்போதே கணினியின் காவல் மென்பொருளை நிறுத்தி வைத்த இளைஞர், பின்னர் அதை மீண்டும் இயக்கிவிட்டுச் செல்லவில்லை. கணக்கிற்கு வேறு பிரதியும் எடுத்து வைக்கப்படவில்லை. இப்போது குடும்பமே இரவில் அமர்ந்து, அட்டைப் பெட்டிகளில் கிடக்கும் பழைய ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்து மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறது.

துணைவியாரும் தம் குறையைச் சொன்னார். “என் கைப்பேசியில் மாதந்தோறும் 149 ரூபாய் தானாகக் கழிகிறது. எதற்கென்றே தெரியவில்லை. அந்தச் செயலியை நீக்கியும் பார்த்துவிட்டேன். கழிவது நிற்கவில்லை.”

வேண்டியதற்குப் பணம் கொடுக்க மறுத்தவர் கணவர். வேண்டாததற்குப் பணம் கொடுத்துக்கொண்டிருப்பவர் மனைவி. “எதற்குத்தான் காசு கொடுப்பது, எதை இலவசமாக வைத்துக்கொள்வது என்று உங்கள் பக்கத்தில் எழுதுங்களேன்” என்று கேட்டுக்கொண்டார்கள். பல இல்லங்களில் எழும் கேள்வி இது. ஆகவே இம்மாதம் இதையே சிந்திப்போம்.

பிறருக்கு அறிவுரை கூறுமுன் நம் குறையை ஒப்புக்கொள்வது முறை. பல ஆண்டுகளுக்கு முன் பங்கு விழா மலர் ஒன்றைத் தயாரிக்கும் பொறுப்பு நமக்கு வந்தது. பங்குக் குடும்பங்களின் பெயர்ப் பட்டியலை, ஒரு நண்பரிடமிருந்து விலையின்றிப் பெற்று வந்த தமிழ் எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்தோம். அதற்கு உரிமம் உண்டா என்று அன்று நாம் கேட்கவில்லை. மலர் அழகாகவே வெளிவந்தது. அண்மையில் அப்பட்டியல் தேவைப்பட்டுப் பழைய கோப்பைப் புதுக் கணினியில் திறந்தோம். ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்துக்களும் குறியீடுகளும் தாறுமாறாகக் கிடந்தன.

காரணம் எளியது. 1990-களில் தமிழ் எழுத்துரு செய்தோர் பலர், ‘அ’ எழுத்துக்கு இன்ன எண், ‘க’ எழுத்துக்கு இன்ன எண் என்று தத்தம் விருப்பப்படி வகுத்துக்கொண்டனர். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டுமே அந்த எழுத்தைப் படிக்க முடியும். இக்குழப்பத்தைத் தீர்க்க 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு வழி தேடியது. இன்று வழக்கிலுள்ள ‘தமிழ் 99’ விசைப்பலகை அம்முயற்சியில் பிறந்ததே. 2005 ஏப்ரலில் மத்திய அரசு, தமிழ் எழுத்துருக்களையும் தமிழ் மென்பொருள்களையும் ஒரு குறுந்தகட்டில் தொகுத்து மக்களுக்கு இலவசமாக வழங்கியது. 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கூடிய வேளையில், உலகப் பொது முறையாகிய ஒருங்குறியைத் தமிழக அரசு தன் பயன்பாட்டிற்குத் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஆகவே இன்று தமிழில் எழுதுவதற்கென எவரும் தனியாக விலை கொடுக்கத் தேவையில்லை. கைப்பேசியிலும் கணினியிலும் தமிழ் விசைப்பலகை உடனிருக்கிறது.

நம் பட்டியலையும் இலவச எழுத்துரு மாற்றி ஒன்றின் உதவியால் மீட்டோம். பழைய எழுத்துருவின் பெயரை மறந்துவிட்டமையால், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதிலேயே இரண்டு மாலைப் பொழுதுகள் கழிந்தன. அப்போது கற்ற பாடத்தையே எல்லாவற்றிற்கும் முதலாக வைக்கிறோம். ஒரு மென்பொருளின் விலை என்ன என்று கேட்குமுன், ‘இதை நாளை நான் விட்டுவிட்டால், இதனுள் நான் எழுதி வைத்தவற்றை எடுத்துக்கொண்டு வெளியே வர முடியுமா?’ என்று கேட்க வேண்டும். நெல் நம்முடையதாக இருந்தும் குதிரின் பூட்டு பிறர் கையில் இருந்தால் பயன் என்ன?

இனி, எவற்றிற்கு விலை கொடுக்கத் தேவையில்லை என்பதைக் காண்போம்.

இலவச மென்பொருள் என்றவுடன் அது மட்டமானது, அல்லது களவாடப்பட்டது என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். இரண்டும் தவறு. மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், பிறருக்கும் வழங்கலாம், திருத்தியும் கொள்ளலாம் என்னும் கொள்கையுடன் 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்பதை எழுதி உலகிற்கு அளித்தார். கடிதம், கணக்கட்டவணை ஆகியவற்றிற்கான லிப்ரே ஆபீஸ் இவ்வழியில் வந்தது. பாடலும் படமும் காண உதவும் வி.எல்.சி., பாரிஸ் பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் 1996-இல் தொடங்கிய பணியின் பயன். இவற்றை உரியவர்களின் வலைத்தளத்திலிருந்து எடுத்துப் பயன்படுத்துவது முழுக்க முழுக்க நேர்மையானது. இயன்றவர்கள் நன்கொடை அனுப்பலாம். இயலாதவர்கள் நன்றியோடு பயன்படுத்தலாம்.

இத்தகைய ஒன்று நம் இல்லத்திற்குள்ளேயே வந்து, நாம் அறியாமல் இருந்திருக்கலாம். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, அரசுப் பள்ளிகளோடு, நம் மறைமாவட்டப் பள்ளிகள் போன்ற அரசு உதவி பெறும் பள்ளிகளின் மாணவர்களும் அதனைப் பெற்றனர். அக்கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்னும் லினக்ஸும் சேர்த்தே அளிக்கப்பட்டது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. பிள்ளைகள் பலர் அந்தப் பக்கத்தைத் திறந்தும் பார்க்கவில்லை. பழகியது ஒன்று இருக்கும்போது புதியதைத் தொட மனம் வராததே காரணம்.

இது இன்று நமக்கு மிகவும் தேவைப்படும் செய்தி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. பழைய கணினி வைத்திருப்போர் பலர், புதியது வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று கலங்குகின்றனர். கடிதம் எழுதவும், பிள்ளைகள் பாடம் படிக்கவும், இணையம் காணவும் மட்டுமே பயன்படும் கணினியானால், அதில் லினக்ஸ் ஒன்றை ஏற்றி மேலும் சில ஆண்டுகள் ஓட்டலாம். அதற்கு முன் உள்ளே இருப்பவற்றிற்கு வேறிடத்தில் பிரதி எடுத்து வைப்பது மறவாமல் செய்ய வேண்டியது.

நச்சுநிரல் காவலுக்கும் இல்லத்தார் பெரும்பாலோர் தனி விலை கொடுக்கத் தேவையில்லை. இன்றைய விண்டோஸிலேயே ஒரு காவல் உண்டு. அதை நிறுத்தாமல் இருந்தாலே போதும். நம் நண்பர் இழந்தது விலையுயர்ந்த காவலாளி இல்லாமையால் அன்று. இருந்த காவலாளியை வெளியே அனுப்பியதால்.

அரசு இலவசமாகத் தருபவற்றிற்கும் சிலர் பணம் கேட்பதுண்டு. லாரிக் குடும்பங்கள் இதில் விழிப்பாக இருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவுச் சான்று ஆகியவற்றைக் கைப்பேசியில் காட்ட உதவும் டிஜிலாக்கரும் எம்பரிவாகனும் அரசின் இலவசச் செயலிகள். அவற்றில் காட்டப்படும் ஆவணங்களை ஏற்கும்படி 2018-இல் மத்திய அரசு மாநிலங்களை அறிவுறுத்தியது. அதே வேளையில், அபராதச் சீட்டு என்றும் திருமண அழைப்பிதழ் என்றும் வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்புகளைத் தொடவே கூடாது. அவற்றைத் திறந்து வங்கிப் பணத்தை இழந்தோர் நாடெங்கும் உண்டு.

அடுத்த கேள்வி, ‘நான் விலை கொடுக்கவில்லையெனில், யார் கொடுக்கிறார்கள்?’ என்பது. லிப்ரே ஆபீஸுக்கு நன்கொடையாளர் கொடுக்கின்றனர். டிஜிலாக்கருக்கு வரிப்பணம் செல்கிறது. வாட்ஸ்அப் தொடக்கத்தில் ஆண்டிற்கு ஏறத்தாழ ஒரு டாலர் கட்டணம் வைத்திருந்தது. 2014-இல் பேஸ்புக் நிறுவனம் அதை வாங்கியது. 2016 ஜனவரியில் கட்டணம் நீக்கப்பட்டது. பல்லாயிரம் கோடி கொடுத்து ஒன்றை வாங்கியவர், கட்டணத்தையும் விட்டுவிடுகிறார் என்றால், வரவு வேறு வழியில் வருகிறது என்பதே பொருள். விளம்பரம் காட்டிப் பொருளீட்டுவது குற்றமன்று. ஆனால் கைவிளக்கு எரிய வைக்கும் சிறு செயலி ஒன்று, நம் தொலைபேசி எண் பட்டியலையும் நாம் நிற்கும் இடத்தையும் கேட்கிறது என்றால், நாம் கொடுக்கும் விலை அதுதான். நம் உற்றார் உறவினர் எண்களையெல்லாம் அவர்களைக் கேளாமல் கொடுப்பதற்கு நமக்கு உரிமை ஏது?

இனி, விலை கொடுத்தே ஆக வேண்டியவற்றிற்கு வருவோம்.

நம் சேலம், நாமக்கல் சமவெளியில் உழைப்பின்றி உண்பவர் எவருமில்லை. பள்ளிபாளையத்து விசைத்தறி, நாமக்கல் கோழிப்பண்ணை, செவ்வாய்ப்பேட்டை மண்டி, ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளி மாவு ஆலை, திருச்செங்கோட்டு ரிக் லாரி ஆகிய ஒவ்வொன்றிற்கும் கணக்கு உயிர்நாடி. 2017 ஜூலை முதல் நாள் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்த பிறகு கணக்கும் கணினியும் பிரிக்க முடியாதவையாகிவிட்டன. அச்சட்டத்தின்படி, ஓர் ஆண்டின் கணக்கை, அவ்வாண்டுக்குரிய ஆண்டு அறிக்கையைச் செலுத்த வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் காத்து வைத்திருக்க வேண்டும். ஆறு ஆண்டுகள் காக்க வேண்டிய ஒன்றை, பெயர் தெரியாத ஒருவர் பூட்டை உடைத்துக் கொடுத்த பிரதியில் வைப்பது, வித்தைத் திருடனிடம் அடைக்கலம் வைப்பது போன்றதே. பிழை நேர்ந்தால் கேட்க ஆளில்லை. வரி விதி மாறினால் திருத்தம் வராது.

எல்லாச் சிறு வணிகரும் பெரிய விலை கொடுக்க வேண்டும் என்பதன்று நம் கருத்து. 2019-இல் ஜி.எஸ்.டி. வலைத்தளமே, ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு உட்பட்ட சிறு வணிகர்களுக்கு இலவசக் கணக்கு மென்பொருள் வழங்க முன்வந்தது. தங்கள் தணிக்கையாளரைக் கேட்டு, தங்களுக்குப் போதுமான சிறியதைத் தேர்ந்துகொள்ளலாம். நோட்டுப் புத்தகமே போதுமான கடையும் உண்டு. ஆனால் தேவை இன்னது என்று தெளிந்த பின், அதற்குரிய விலையை உரியவருக்கே கொடுக்க வேண்டும்.

ஏனெனில் அதற்குள் ஒருவரின் உழைப்பு இருக்கிறது. நம் கடைவீதிகளில் எங்கும் காணும் டேலி மென்பொருள் 1986-இல் பெங்களூரில் தொடங்கப்பட்டது. ஆலைகளுக்குப் பொருள் வழங்கி வந்த ஷியாம் சுந்தர் கோயங்கா என்னும் வணிகர், தம் கணக்கிற்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல், மகன் பரத் கோயங்காவிடம் அதை எழுதச் சொன்னார். நம்மைப் போன்ற ஒரு வணிகக் குடும்பத்தின் தேவையிலிருந்து பிறந்தது அது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் ஓர் இலக்கியப் படைப்பாகவே காக்கிறது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 63-பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று அறிந்தே பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. விற்றவருக்கு மட்டுமன்று, பயன்படுத்துவோருக்கும் இது பொருந்தும். ஆதாய நோக்கின்றிப் பயன்படுத்தியவருக்குச் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. ஆனால் கடைக் கணக்கு ஆதாயத்திற்கே உரியதன்றோ!

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். களவு செய்யாதிருப்பாயாக என்னும் கட்டளையைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். கையால் தொட முடியாத பொருளை எடுப்பது களவாகாது என்று அக்கட்டளையில் விலக்கு ஏதும் இல்லை. பண்ணையிலிருந்து ஒரு தட்டு முட்டையை விலை கொடாமல் எடுத்துச் செல்பவனை நாம் என்னவென்று அழைப்போம்?

இதுவரை பேசாதிருந்த நண்பரின் மகள், அன்று புறப்படும்போது மெல்லச் சொன்னாள்: “அப்பா, நான் பெங்களூரில் உட்கார்ந்து எழுதுவதும் இதைப் போன்ற ஒன்றுதான். அதை விற்ற காசில்தான் எனக்குச் சம்பளம் வருகிறது.” நண்பர் தலை குனிந்தார். மகள் அனுப்பிய பணத்தில் கூரை மாற்றிய இல்லம் அது. நம் சமவெளியின் எத்தனையோ இல்லங்களில் இன்று அடுப்பு எரிவது இத்தகைய பிள்ளைகளின் ஊதியத்தால் என்பதை நாம் மறக்கலாகாது.

அன்னையரின் குறைக்கு வருவோம். மென்பொருள் விற்பனையில் இரு முறைகள் உண்டு. ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்வது ஒன்று. மாதந்தோறும் சந்தா கட்டுவது மற்றொன்று. முன்னது கிணறு வெட்டுவது போன்றது. பின்னது தண்ணீர் லாரியை அழைப்பது போன்றது. கோடையில் இரு மாதங்களுக்கு லாரித் தண்ணீர் வாங்குவதில் தவறில்லை. ஆண்டு முழுதும் வாங்குபவர் கணக்குப் பார்க்க வேண்டும். மாதம் 149 ரூபாய் என்பது சிறு தொகையாகத் தோன்றும். ஓர் ஆண்டில் அது 1,788 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் 8,940 ரூபாய். கோபுரம் கட்டப் புகுபவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நற்செய்தி உவமை நமக்குக் கற்பிப்பதும் இதுவே.

செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினால் மட்டும் சந்தா நின்றுவிடாது. செயலிகளைப் பெறும் பிளே ஸ்டோரில், நம் கணக்கின் கீழ்ச் ‘சந்தாக்கள்’ என்னும் பகுதிக்குச் சென்று அங்கே நிறுத்த வேண்டும். யு.பி.ஐ. வழியாகத் தானாகக் கழிவதாயின், அந்தப் பணச் செயலியில் ‘ஆட்டோபே’ என்னும் பகுதியிலும் நிறுத்தலாம். 2021 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, இவ்வாறு பணம் கழியும் முன், 24 மணி நேரத்திற்குக் குறையாமல் நமக்கு முன்னறிவிப்பு வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்திகளைப் படிக்காமல் தள்ளிவிடுவதே நம் இழப்பிற்குக் காரணம். துணைவியாரின் கைப்பேசியில் தேடியபோது, பேரனின் படத்திற்குப் பூச்சட்டம் போட ‘மூன்று நாள் இலவசம்’ என்று ஏற்றிய ஒரு செயலியே அது என்று தெரிந்தது.

ஆயினும் சந்தா அனைத்தும் வீண் அன்று. கல்லூரி செல்லும் பிள்ளைக்குப் பாடத்திற்குத் தேவையான மென்பொருளை, முதலில் கல்லூரியின் மாணவர் உரிமத்தில் கேட்டுப் பாருங்கள். இல்லையேல் தேவையான மாதங்களுக்கு மட்டும் வாங்குங்கள். குடும்பப் படங்களைச் சேமிக்க இணையத்தில் இடம் வாங்குவதும் அவ்வாறே. கூகுள் 15 ஜி.பி. வரை இலவசமாகத் தருகிறது. அதற்கு மேல் வேண்டுவோர் மாதக் கட்டணத்தையும், ஒருமுறை வாங்கிப் பீரோவில் வைக்கும் வன்தட்டின் விலையையும் ஒப்பிட்டு முடிவு செய்யலாம். எதுவாயினும் பிரதி இரண்டு இடங்களில் இருக்கட்டும். மறைந்த பெற்றோரின் கடைசிப் படம் ஒரே கைப்பேசியில் மட்டும் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை, இழந்தவர்கள் அறிவார்கள்.

அன்புக் குடும்பத்தினரே, இம்மாதம் ஓர் இரவு, குடும்பச் செபம் முடிந்த பின், அனைவரும் ஒன்றாக அமருங்கள். வீட்டுக் கணினியிலும் கைப்பேசிகளிலும் உள்ளவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். நேர்மையாக இலவசமாய்க் கிடைப்பதற்குப் பணம் கொடுத்து வருகிறோமா? நம் பிழைப்பிற்கு உதவும் ஒன்றை விலை கொடாமல் வைத்திருக்கிறோமா? நாளை இது நின்றால் நம் கணக்கும் படமும் நம் கையில் இருக்குமா? இம்மூன்றையும் ஒவ்வொன்றிற்கும் கேளுங்கள். பிள்ளைகளே விரைந்து விடை சொல்வார்கள்.

சென்ற வாரம் நண்பரை மீண்டும் கண்டோம். உரிமத்துடன் ஒன்றை வாங்கிவிட்டார். ரசீதுப் பெட்டிகளில் இன்னும் ஓர் ஆண்டுக் கணக்கு எழுத வேண்டியிருக்கிறது. எழுதியதை இரவுதோறும் தனித் தட்டில் பிரதி எடுத்து, துணைவியாரிடம் கொடுத்துவிடுகிறாராம். “500 ரூபாய்க்கு வாங்கியது இவ்வளவு விலையாகும் என்று தெரியாமல் போயிற்று, ஐயா” என்றார்.

சிந்திப்போம், செயல்படுவோம்.